உங்கள் நாயோ பூனையோ இன்னொருவரின் கவனக்குறைவால் செத்துப்போனால்: மலேசியாவில் எந்தக் கதவைத் தட்டுவது?

கருப்பியின் கயிற்றை ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். கழுத்துப் பட்டையில் இன்னும் முடி ஒட்டியிருந்தது. தீபாவளிக்கு பட்டர்வொர்த்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போவதற்காக, கோலாலம்பூரில் ஒரு பிராணிகள் ஹோட்டலில் நாலு ராத்திரிக்கு அவளை விட்டிருந்தோம். மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. கடைவீட்டின் மேல்மாடி, ராத்திரி மின்சாரம் டிரிப் ஆகி ஏர்கோன் நின்றுவிட்டது, ஜன்னல்கள் மூடியே கிடந்தன, காலை வரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பது வயது நாய், வெப்பம் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் லோயர் இல்லை. ஆனால் போன எல்லா இடத்திலும் ஏதாவது ஒரு தப்பு செய்துவிட்டு வந்தேன், அந்தத் தப்புகள் உங்களுக்கு உதவும்.

முதல் இரண்டு நாள்

புதைக்காதீர்கள். எரிக்கவும் வேண்டாம். நான் செந்தூலில் அம்மா வீட்டுப் பின்னால் மாமரத்தடியில் குழி தோண்டவே ஆரம்பித்துவிட்டேன். அக்காதான் போனில் கத்தி நிறுத்தினாள்: “டேய், எப்படிச் செத்துச்சுன்னு எழுத்துல இல்லாம நாளைக்கு யாருகிட்ட போய் என்ன கேப்ப?”

பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு “ஏற்கெனவே இதய நோய் இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், அதை மறுக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. உடலை ஐஸ் பெட்டியிலோ கிளினிக் குளிர்ப்பெட்டியிலோ வையுங்கள். உறைபெட்டியில் வைக்கக் கூடாது, உறைந்தால் திசுக்கள் கெட்டுப்போய் நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது, ஒரு நாளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கப் பாருங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. பினாங்குக்காரர்கள் கால்நடை சேவைத் துறையின் மாநில அலுவலகத்தில் கேட்டால் எந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது என்று சொல்வார்கள், ஈப்போவில் துறையின் ஆராய்ச்சிக் கழகமே இருக்கிறது. முக்கியமாக, சம்பவத்தில் சம்பந்தப்பட்ட கிளினிக்கிலேயே பரிசோதனை செய்யச் சொல்லாதீர்கள்.

அடுத்தது கேமரா பதிவு. பெரும்பாலான கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். நான் ஐந்தாம் நாள் கேட்டேன், “போயிடுச்சு பாஸ்” என்றார்கள். அன்றே, அதே மணி நேரத்தில், வாட்சாப்பில் எழுத்தில் கேளுங்கள்: இந்தத் தேதி, இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை உள்ள பதிவை அழிக்காமல் வைத்திருங்கள், எனக்குப் பிரதி வேண்டும். கொடுக்காவிட்டாலும், கேட்டும் கொடுக்கவில்லை என்பதே பின்னால் ஒரு சான்று.

அப்புறம் வாட்சாப். கடைக்காரர்கள் முதல் பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு அன்று காலை வந்த முதல் மெசேஜ், “ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சு, நாங்க காலைல ஏழு மணிக்குத்தான் பாத்தோம், சாரி.” மத்தியானத்துக்குள் அது அழிக்கப்பட்டிருந்தது. நான் அதற்குள் திரையைப் படம் எடுத்திருந்தேன், அதுவும் அனுப்பியவரின் எண், தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி. உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். கையெழுத்துப் போட்ட பதிவுப் படிவம், ரசீது, தடுப்பூசிப் புத்தகம், விடுவதற்கு முன் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

போலீஸ் ரிப்போர்ட்டும் ஒன்று போட்டுவிடுங்கள். கவனக்குறைவுக்காக அவர்கள் யாரையும் பிடிக்கப் போவதில்லை, ஆனால் நடந்ததை நீங்கள் எந்தத் தேதியில் எப்படிச் சொன்னீர்கள் என்பதற்கு அது ஆதாரம். வண்டி மோதிய கேஸ் என்றால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், வண்டி எண்ணோடு.

உங்களுக்கு என்ன வேண்டும்?

இதை யோசிக்காமல்தான் நான் மூன்று மாதம் வீணாக்கினேன். பணம் வேண்டுமா, அந்த ஆள் தண்டிக்கப்பட வேண்டுமா, லைசென்ஸ் போக வேண்டுமா, இல்லை “எங்கள் தப்புதான்” என்று ஒரு வார்த்தை வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு. கால்நடைத் துறையில் புகார் கொடுத்தால் அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், உங்களுக்கு ஒரு காசு வராது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனால் பணம் கிடைக்கலாம், யாருக்கும் தண்டனை கிடையாது. மன்னிப்பை எந்த மன்றத்தாலும் பிடுங்கித் தர முடியாது, சமரசப் பேச்சில் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

இன்னொரு கசப்பையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் கண்ணில் உங்கள் நாய் ஒரு அசையும் சொத்து, உங்கள் மோட்டார் சைக்கிள் மாதிரி. இழப்பீடு என்றால் அதன் சந்தை விலை, அதனால் உங்களுக்கு ஆன செலவு, அவ்வளவுதான். நீங்கள் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்ததற்கு விலை போடச் சொன்னால் பெரும்பாலும் சுழியம்தான் வரும். கருப்பியை பிரிக்பீல்ட்சில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால், மழையில் நனைந்த குட்டியாக எடுத்தோம். “எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?” என்று மன்றத்தில் கேட்டபோது என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விட்டது ஹோட்டலிலோ முடி வெட்டும் இடத்திலோ என்றால்

பணம் வாங்கிக்கொண்டு பிராணியைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்கிற யாரும், ஹோட்டல், குளிப்பாட்டி முடி வெட்டுகிற கடை, ஏற்றிச் செல்கிற வண்டி, இந்த வகையில் வருவார்கள். உங்கள் கை ஓங்கியிருக்கிற வகை இதுதான். காரணம் இரண்டு.

ஒன்று, 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 104-ஆவது பிரிவு. இன்னொருவர் பொருளை ஒப்படைப்பாக வாங்கியவர், சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் அழகு என்னவென்றால், ஒப்படைத்த பொருள் கெட்டுப்போனால் தான் கவனமாகத்தான் இருந்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் வாங்கியவர், நீங்கள் இல்லை. அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் பெட்டிகள் காணாமல் போன ஒரு வழக்கில், அப்போது நம் மேல்முறையீடுகளைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில் 1978-இல் சொன்னது இது, நம் ஊர் வழக்கு. துறைமுகப் பெட்டிக்கு உள்ள நியாயம் கூண்டில் இருந்த நாய்க்கும் பொருந்தும். கேமரா பதிவு போனபோது கேஸ் முடிந்தது என்று நினைத்தேன், ஆனால் ராத்திரி இரண்டிலிருந்து ஏழு வரை என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டியது அவர்கள்.

இரண்டு, 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பணம் கொடுத்து வாங்கும் சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்பது அதில் தானாகவே அடங்கிய உத்தரவாதம்.

“ஆனால் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேனே” என்று எல்லாரும் கேட்பார்கள். எங்கள் படிவத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில், தங்கும் காலத்தில் நோய், காயம், மரணம் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று இருந்தது. அதைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். 2010-இல் பயனீட்டாளர் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் பற்றி ஒரு தனிப் பகுதி சேர்த்தார்கள், தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை உதறுகிற வாசகத்தை அதன்கீழ் செல்லாது என்று வாதிட முடியும். ஒரு வங்கி சம்பந்தப்பட்ட வழக்கில் கூட்டரசு நீதிமன்றமும், எந்த இழப்பீடும் கேட்கவே முடியாதபடி முற்றாக வாசலை அடைக்கிற வாசகம் ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவுப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. கையெழுத்து ஒரு தடைதான், சுவர் இல்லை.

சரி, நடைமுறை. முதலில் எதிர்த்தரப்பின் சரியான பெயரைக் கண்டுபிடியுங்கள். கடைப் பலகையில் இருப்பது பெரும்பாலும் சட்டப் பெயர் இல்லை. ரசீதில் உள்ள பதிவு எண்ணை எடுத்து எஸ்எஸ்எம் எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தின் இணையச் சேவையில் சின்னக் கட்டணம் கட்டித் தேடினால் அது தனிநபர் வியாபாரமா, செண்டிரியான் பெர்ஹாட் எனும் தனியார் நிறுவனமா, முகவரி என்ன என்று தெரிந்துவிடும். நான் பலகையில் இருந்த பெயரைப் போட்டு ஒரு முறை திரும்பி வந்தேன்.

பிறகு ஒரு டிமாண்ட் கடிதம். லோயர் தேவையில்லை. என்ன நடந்தது, எந்தத் தேதி, எவ்வளவு கேட்கிறீர்கள், 14 நாளில் பதில் வராவிட்டால் மன்றத்துக்குப் போவேன். ஒரே பக்கம், வசவு இல்லாமல், பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்ட கையெழுத்து அட்டை திரும்பி வருகிற மாதிரி. நிறைய பேர் இந்தக் கட்டத்திலேயே பேச்சுக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். எங்கள் ஆள் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பயனீட்டாளர் நடுவர் மன்றம், ஊரில் திரிபியூனல் என்றால்தான் புரியும். 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கேட்கலாம், பதிவுக் கட்டணம் வெறும் 5 வெள்ளி, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். போரம் 1 என்ற படிவத்தை நிரப்புங்கள், இணையத்திலும் முடியும். மலாயில் எழுதுவது நல்லது, விசாரணையும் பெரும்பாலும் மலாயில்தான். நீங்களே போரத்தை எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பிக்க வேண்டும், அவர்கள் 14 நாளில் தங்கள் பதிலைப் போட வேண்டும். இரண்டு பக்கமும் லோயர் இல்லாமல் பேசுகிற இடம் இது, அதனால் நேரே நாம் பேச வேண்டும். தொகையைச் சொல்லும்போது ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு காகிதத்தைக் காட்டுங்கள். எங்களுடையது: ஹோட்டல் கட்டணம் 240, அவர்கள் கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு போன கிளினிக் பில் 380, பரிசோதனை 320, தகனம் 260. அதற்கு மேல் கருப்பியின் மதிப்பு என்று 1,500 கேட்டிருந்தோம். வாங்காத நாய்க்கு விலை எங்கிருந்து வரும் என்றால், கருத்தடை, தடுப்பூசி, பயிற்சி என்று இத்தனை வருடம் செலவழித்ததற்கு வைத்திருந்த ரசீதுகளை நீட்டினேன். இனநாய் வைத்திருப்பவர்கள் வாங்கிய ரசீதையும் வம்சாவளிச் சான்றிதழையும் கொண்டு போங்கள், வேலை சுலபம்.

விசாரணை நாளில் வராமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் வராவிட்டால் உங்கள் மனு தள்ளப்படலாம், அவர்கள் வராவிட்டால் உங்கள் பக்கமே தீர்ப்பு வரலாம். தீர்ப்பு சொன்ன 14 நாளில் கட்டாவிட்டால் அது குற்றம், மன்றத்திலேயே போய்ச் சொல்லலாம்.

கால்நடை மருத்துவர் தப்பு செய்தார் என்றால், இங்கே ஒரு குழி இருக்கிறது

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, பினாங்கில் என் கொழுந்தியாள் பூனை விஷயத்தில் போய் விழுந்துதான் தெரிந்தது. ஜெலுத்தோங்கில் ஒரு கிளினிக்கில் கருத்தடைக்கு விட்டாள், மயக்கத்திலிருந்து பூனை எழவே இல்லை. நேராக திரிபியூனலுக்குப் போனாள். பயனீட்டாளர் சட்டம் தனிச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் தொழில் வல்லுநர்களின் சேவைக்குப் பொருந்தாது. கால்நடை மருத்துவர்கள் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டவர்கள். கதவு மூடியது.

ஆகவே மருத்துவர் என்றால் இரண்டு வழி. ஒழுங்கு நடவடிக்கை வேண்டும் என்றால் மலேசிய கால்நடை மருத்துவ மன்றத்துக்கு எழுத்தில் புகார், அவர்கள் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவோ இடைநிறுத்தவோ கண்டிக்கவோ முடியும், பணம் வாங்கித் தர மாட்டார்கள். புகாருக்கு முன் சிகிச்சைப் பதிவுகளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்: என்ன மயக்க மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யார் கவனித்தார். சத்தியப் பிரமாணத்தோடு கொடுத்தால் புகாருக்குக் கனம் கூடும்.

பணம் வேண்டும் என்றால் சிவில் நீதிமன்றம். 5,000 வெள்ளிக்குள் இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை, போரம் 198, நீங்களே போட வேண்டும், உங்கள் பக்கம் லோயர் கிடையாது. நம் மாதிரி ஆட்களின் கணக்கு பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் 100,000 வரை மாஜிஸ்திரேட், அதைத் தாண்டினால் செஷன்ஸ், அங்கே லோயர் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது. கவனக்குறைவு, ஒப்பந்த மீறல் இரண்டுக்கும் தீபகற்பத்தில் ஆறு ஆண்டு கெடு.

இதில் பணத்தை விடப் பெரிய சிக்கல் சாட்சி. பிராணி செத்தது என்பது மட்டும் போதாது, திறமையுள்ள இன்னொரு மருத்துவர் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று ஒரு மருத்துவர் வந்து சொல்ல வேண்டும். ஒருவர் மீது இன்னொருவர் சொல்ல முன்வருவது எளிதில்லை. அதனால்தான் பிரேதப் பரிசோதனை. கொழுந்தியாள் அன்று சாயங்காலமே பூனையைப் புதைத்துவிட்டாள். மயக்க மருந்தில் எந்தப் பூனைக்கும் ஆபத்து உண்டு என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தது, அதற்கு மேல் அவளிடம் பேச ஒன்றும் இல்லை. கடைசியில் கிளினிக்காரரே பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

தண்டனை வேண்டும் என்றால்

2015-ஆம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டம், 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 29-ஆவது பிரிவில் கொடுமைக்கு குறைந்தது 20,000 வெள்ளி, கூடியது 100,000 வெள்ளி அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். செய்ததற்கு மட்டுமில்லை, செய்ய வேண்டியதை நியாயமில்லாமல் செய்யாமல் விட்டு வேதனை உண்டாக்கினாலும் மாட்டலாம். விஷம் வைப்பதும் இதில் வரும். புகாரை கால்நடை சேவைத் துறையிடம் கொடுங்கள். கூடவே கடைக்கு உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், துறையிடமும் மாநகர் மன்றத்திடமும். எங்கள் கடைக்காரர் என் டிமாண்ட் கடிதத்தை விட இந்தக் கேள்விக்குத்தான் வேகமாகப் பதில் போட்டார்.

ஆனால் எல்லாக் கவனக்குறைவும் கொடுமை ஆகாது. ஏர்கோன் டிரிப் ஆனதை நான் அப்படி எழுதிக் கொடுத்தேன், அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு விசாரிக்கிறோம் என்றார், அதோடு சரி. பக்கத்து வீட்டுக்காரர் வேண்டுமென்றே விஷம் வைத்தார் என்றால் கதை வேறு, அப்போது தண்டனைச் சட்டத்தின் 428-ஆவது பிரிவும் சேரும், போலீசும் துறையும் சேர்ந்து பார்க்க வேண்டிய விஷயம்.

மீதி கேஸ்கள், சுருக்கமாக

காரில் அடிபட்டது: ஓட்டியவரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டும். நாய் கேட் திறந்து ஓடி வந்தது என்றால் உங்கள் பங்கும் கணக்கில் வரும். கழுத்துப் பட்டை இல்லை, மாநகர் மன்ற லைசென்ஸ் இல்லை என்றால் அதையும் இழுப்பார்கள். டாஷ் கேமரா வைத்திருக்கும் அக்கம்பக்கத்து வண்டிகளை அன்றே விசாரியுங்கள்.

இன்னொருவர் நாய் உங்கள் பூனையைக் கடித்துக் கொன்றது: அந்த நாய் முன்பும் கடித்திருக்கிறது, உரிமையாளருக்கு அது தெரியும் என்றால் உங்கள் பக்கம் பலம். தாமான் (குடியிருப்பு) வாட்சாப் குழுவில் பழைய புகார்களைத் தேடுங்கள், சத்தியமாக இருக்கும்.

மாநகர் மன்றம் போன்ற அரசு அமைப்பு: உரிமம் உள்ள நாயைப் பிடித்துக்கொண்டு போய் இறந்துவிட்டது மாதிரி. இங்கே வழக்குப் போட ஆறு ஆண்டு கிடையாது, 36 மாதம்தான். தள்ளிப் போடாதீர்கள்.

ஃபேஸ்புக்கில் எழுதலாமா?

எழுதலாம், கையை அடக்கி எழுதுங்கள். “இந்தத் தேதியில் விட்டேன், இந்தத் தேதியில் இறந்தது, அறிக்கை இப்படிச் சொல்கிறது” என்பது வேறு, “கொலைகாரர்கள், ஏமாற்றுக்காரர்கள்” என்பது வேறு. இரண்டாவதற்கு அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும், தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவையும் காட்டி மிரட்டுவார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான் எழுதியதை அக்கா காலையில் அழிக்க வைத்தாள். கேஸ் முடியும்வரை பெயர் போடாமல் இருந்ததுதான் புத்திசாலித்தனம்.

உதவிக்கு ஆள் வேண்டும் என்றால், வருமானம் குறைவாக உள்ளவர்கள் சட்ட உதவித் துறையிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் கேட்கலாம், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மையம் உண்டு. பினாங்குக்காரர்களுக்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கவே இருக்கிறது, தமிழிலேயே போய்ச் சொல்லலாம்.

எங்கள் விசாரணை அரை மணி நேரம்கூட ஓடவில்லை. தலைவர் அந்த வாட்சாப் படத்தைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்து, மின்சாரம் போனது இரண்டு மணிக்கு என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். கைப்பேசிக்கு எச்சரிக்கை வந்தது என்றார் அவர். வந்த பிறகு என்ன செய்தீர்கள்? அவர் தரையைப் பார்த்தார். செலவு 1,200-உம் முழுசாகக் கிடைத்தது, கருப்பியின் மதிப்புக்கு 300. பன்னிரண்டாம் நாள் வங்கியில் பணம் ஏறியது. விவரம் எழுதுகிற இடத்தில் “ரீஃபண்ட்” என்று போட்டிருந்தார்கள்.